ஜொகூருக்குப் போன அலெக்ஸ்

"கதவைத் திறக்காதே, பிரிஜட்!" அருளானந்தம் கிசுகிசுத்தார். "மாத்தா வர்றான். சாதாரணச் சட்டைதான், ஆனா கையில நோட்டுப் புத்தகம். எதிர் புளோக்ல வீடு வீடா ஏறி இறங்கினதை நானே பார்த்தேன்."

"போலீஸ் எதுக்குங்க நம்ம வீட்டுக்கு?"

"எதுக்கா? வீடியோ கேம் கடைச் சந்துல சாயந்திரம் கத்திக்குத்து. கீழே கோப்பிக் கடையில இதே பேச்சுதான். அங்க விளையாடுற பசங்கதான் குத்தியிருப்பானுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. உன் மகன் எங்கே?"

பிரிஜட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அலெக்ஸ் மூன்று மணிக்கு வெளியே போனவன். இப்போது ஏழரை.

"ஜூன் லீவுதானே, பசங்களோட எங்கயாவது..."

"எங்கயாவது இல்ல. அந்தக் கடைக்குத்தான். நாள் பூரா டிவி முன்னாடி நின்னு சுட்டுக்கிட்டே இருந்தா, அப்புறம் கை சும்மா இருக்குமா?"

"அவன் சுடுறது பூச்சி மாதிரி ஏதோ பொம்மையைங்க. நானே எட்டிப் பார்த்திருக்கேன். ஒரு சொட்டு ரத்தம்கூட வராது."

"இன்னிக்குப் பூச்சி! போன வாரம் நான் அடிக்கக் கை ஓங்கினப்ப என்ன செஞ்சான்? மறந்துட்டியா?"

அவள் மறக்கவில்லை. பதினாலு வயதுப் பிள்ளை அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான். விடாமல் பிடித்தபடி நின்றான். அந்தக் கண்களைப் பார்த்து அன்று அவளும் பயந்தாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

"போன ஞாயிறு பூசை முடிஞ்சதும் அந்தக் கடையை மூடச் சொல்லி முந்நூறு பேர்கிட்ட கையெழுத்து வாங்கினவன் நான். என் வீட்லயே ஒருத்தன்..." அவர் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். "இந்த ஊர்ல சின்னப் பையன்னு விட்டுடுவாங்கன்னு நினைக்கிறியா? பிரம்படி, சிறை. அவன் வாழ்க்கையே போயிடும்லா."

கதவு தட்டப்பட்டது. மெதுவாக, இரண்டு முறை.

"அலெக்ஸ் எல்லை தாண்டி ஜொகூர்ல உன் அண்ணன் வீட்ல இருக்கான். நேத்தே போயிட்டான். புரிஞ்சுதா?" என்று சொல்லிவிட்டு அவரே கதவைத் திறந்தார்.

வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். அட்டையைக் காட்டினார். பாலகிருஷ்ணன், துப்பறியும் பிரிவு. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். உட்காரச் சொன்னதற்கு வேண்டாமென்று தலையசைத்தார்.

"கோயில்ல விசாரிச்சேன். பதினாலு, பதினஞ்சு வயசுப் பையன் இருக்கிற வீடுன்னு உங்க பேரையும் சொன்னாங்க. தம்பி இருக்கானா?"

"ஜொகூர் போயிருக்கான் சார். மாமா வீட்டுக்கு. நேத்தே," என்றார் அருளானந்தம்.

போலீஸ்காரரின் பார்வை பிரிஜட்டிடம் வந்து நின்றது. "அம்மா, நீங்க சொல்லுங்க. நேத்தேவா போனான்?"

"ஆமா தம்பி. நேத்து... காலையில பஸ்ல."

"கேம் கடைக்குப் போற பழக்கம் உண்டா?"

"ஐயோ, கிடையாது. அவங்க அப்பாவைப் பத்திக் கோயில்ல கேட்டுப் பாருங்க. நாங்க அதெல்லாம் விடுறதில்ல."

அவர் எழுதிக்கொள்ளவில்லை. பேனாவை விரல்களில் உருட்டியபடி இருந்தார்.

"மஞ்சள் டீ-ஷர்ட், முதுகுல ஏழாம் நம்பர். அப்படி ஒண்ணு உங்க வீட்ல இருக்கா?"

மத்தியானம்தான் அவள் அதை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். சூடு ஆறுவதற்குள் அவன் மாட்டிக்கொண்டு ஓடினான். யாரோ பார்த்திருக்கிறார்கள், சட்டையை அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். பிரிஜட் சேலைத் தலைப்பைக் கைக்குள் கசக்கினாள்.

"இல்ல தம்பி. அவனுக்கு மஞ்சளே பிடிக்காது."

"கழுத்துல மாதா உத்தரியம் போடுவானா? சின்னத் துணிப்படம் கோத்த பழுப்புக் கயிறு, ஒரு பக்கம் அறுந்து வெள்ளை நூலால தைச்சது?"

அந்த வெள்ளை நூல் அவள் கையால் கோத்தது. மாதாவே, என் பிள்ளையை இவங்க கையில கொடுத்துடாதே என்று மனதுக்குள் கும்பிட்டுவிட்டு, குரல் நடுங்காமல் சொன்னாள்.

"என் பையன் உத்தரியமே போடறதில்ல. நீங்க சொல்றது வேற யாரோ."

"நிச்சயமாம்மா?"

"சத்தியமா தம்பி. அது என் பிள்ளை இல்ல."

பாலகிருஷ்ணன் நீளமாக மூச்சு விட்டார். வந்ததிலிருந்து முதல் முறையாக அவர் முகம் இளகியது. நோட்டுப் புத்தகத்தைச் சட்டைப் பையில் செருகினார்.

அருளானந்தம் மனைவியைப் பார்த்தார். இருவருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே பாலகிருஷ்ணன் சொன்னார். "கோவிச்சுக்காதீங்க ஐயா. நிச்சயமாத் தெரியாம பெத்தவங்ககிட்ட எதையும் சொல்லிடக் கூடாதுன்னுதான் இப்படிச் சுத்தி வளைச்சுக் கேட்டேன். குத்தினவன் அங்கேயே அகப்பட்டுட்டான். நாற்பது வயசு ஆளு, நல்ல போதை. கேம் கடைக்குள்ள காலே வச்சதில்லையாம். கடைக்காரப் பெரியவரைக் குத்தப் போனவனோட மணிக்கட்டை ஒரு பையன் குறுக்க விழுந்து பிடிச்சிருக்கான், கத்தி அவன் வயித்துல இறங்கிடுச்சு. யாரு பெத்த பிள்ளைன்னு தெரியலம்மா, பேரு சொல்ற நிலையில இல்ல, தமிழ்ல அம்மாவைத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். இன்னும் அரை மணி நேரம் தாங்குறதே கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள அந்தத் தாயைத் தேடிப் பிடிச்சுடணும்."

பக்கத்து வீட்டுக் கதவை அவர் தட்டினார், மெதுவாக, இரண்டு முறை.