போட்டுக்கொடுத்த ஆள்

நல்லமுத்து வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

திறந்தால் பல் போன இடம் தெரியும். மேலுதடு தையலோடு வீங்கிக் கிடந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஓட்டுநரான அவனோடு ஒரே பேருந்தில் மலை ஏறி இறங்கிய நடத்துநர் அவர்.

அந்த வீக்கம் அவன் செய்த வேலை.

இன்னும் கொஞ்சம் பாக்கி இருப்பதாகத்தான் அவனுக்குப் பட்டது.

பணிமனையின் மாடி அறை. கீழே வண்டி கழுவும் சத்தம். விசாரணைக்கு வந்திருந்த அதிகாரி ஓர் அம்மாள். கதவோரம் காவலாளி பெரியண்ணன் நின்றிருந்தார்.

அதிகாரி குற்றச்சாட்டைப் படித்தார். குடித்துவிட்டு மலைப்பாதைப் பேருந்தை எடுக்க வந்தது. சக ஊழியரைத் தாக்கியது.

"ஒத்துக்கறீங்களா?"

"ஊதச் சொன்னீங்க, மிஷின் காட்டுச்சு. அப்புறம் என்ன கேள்வி?"

பிடிபட்ட அன்று காலை பேருந்து நிலையத்தில் வண்டியைக் கிளப்பிவிட்டான். கியரும் போட்டாயிற்று. அப்போது சோதனை அதிகாரிகள் ஜீப்பைக் குறுக்கே நிறுத்தி மறித்தார்கள். அந்தத் தடத்தில் அதுவரை யாரையும் ஊதச் சொன்னதில்லை. நேராக அவனுடைய கதவுக்கே வந்தார்கள்.

அப்படியென்றால் எவனோ போட்டுக்கொடுத்திருக்கிறான்.

எவன் என்று யோசிக்க என்ன இருக்கிறது? அவன் வாய் வாடை தெரிந்த ஆள் வண்டியில் நல்லமுத்து ஒருவர்தான். மறுநாள் டீக்கடை வாசலில் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, அவர் முகத்தைக் கல்பெஞ்சில் மோதினான்.

"நானில்ல தம்பி."

மறுபடியும் மோதினான்.

"நானில்ல தம்பி, நானில்ல."

சொல்லச் சொல்ல ரத்தம் தெறித்தது. அடிக்க அடிக்கக் கை இன்னும் கேட்டது. ஆட்கள் சேர்ந்து பிய்த்தெடுக்க வேண்டியிருந்தது.

"ஏன் குடிக்கிறீங்க?" என்றார் அதிகாரி.

அவன் சுவரைப் பார்த்தான்.

வீட்டில் சாவு எதுவும் விழவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. ஒரு நாள் கண் விழித்தபோது நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருந்தார்கள். குளித்தாலும் இறங்கவில்லை. கோயிலுக்குப் போனாலும் இறங்கவில்லை. குடித்தால் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

இதை என்னவென்று சொல்வது?

"சும்மாதான்."

"டாக்டர் யாரையாச்சும் பாத்தீங்களா? மனசுக்குப் பாக்கறவங்க?"

"எனக்கென்ன பைத்தியமா?"

மேசையில் ஓங்கிக் குத்தினான். கண்ணாடி டம்ளர் உருண்டு கீழே விழுந்து சிதறியது. பெரியண்ணன் பாய்ந்து வந்து அவனுடைய வலது கையை முறுக்கிப் பிடித்தார். நல்லமுத்து நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

அவர் பயந்தது அவனுக்கு இன்னும் வெறியேற்றியது.

"இந்தாளை உண்மையச் சொல்லச் சொல்லுங்க மேடம்! பல்லோட நிறுத்துனது என் தப்பு. நாக்கை அறுத்திருக்கோணும்!"

கதவு திறந்தது.

வெளியே உட்கார வைத்திருந்த அவன் மனைவி தவமணி உள்ளே வந்தாள். அதிகாரி முன்னால் அழுதுகாட்ட ஆள் வேண்டும் என்று அவன்தான் கூட்டி வந்திருந்தான்.

அவள் அழவில்லை.

"அந்தண்ணனை விட்டுருங்க மாமா. நாந்தான் போன் பண்ணுனேன்."



அவன் இழுத்த இழுப்பில் பெரியண்ணனின் பூட்ஸ் தரையில் சறுக்கியது. மேசை ஒரு பக்கமாகத் திரும்பியது. காகிதங்கள் பறந்தன. அவன் காலடியில் கண்ணாடித் துண்டுகள் நொறுங்கின.

"வெளிய போம்மா!" அதிகாரி சுவரோடு ஒட்டிக்கொண்டு கத்தினார்.

தவமணி போகவில்லை. கை எட்டும் தூரத்துக்கு வந்து நின்றாள்.

"அதுக்கு முந்தின ராத்திரி என்ன சொன்னீங்க? கடைசி வளைவுல ஸ்டியரிங்க விட்டுட்டா எல்லாம் முடிஞ்சுரும்னீங்க. விடிஞ்சதும் எந்திரிச்சீங்க. காக்கிச்சட்டையப் போட்டுட்டு வண்டிக்குத்தானே போனீங்க?"

குடிகாரன் உளறல் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அந்த அறையில் எல்லாரும் நம்புவார்கள்.

அவனுக்கு நினைவிருந்தது.

வண்டியைக் கிளப்பியபோது நெஞ்சின்மேல் யாருமில்லை. அத்தனை மாதங்களில் முதல் தடவையாக இலேசாக இருந்தான். ஏதோ பாட்டைக்கூட முணுமுணுத்தான். பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சன்னலோர இடத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சத்தம் அன்றைக்கே அவன் காதில் விழுந்திருந்தது.

இடது கை மேலே போயிற்று.

தவமணி கண்ணை மூடவில்லை. பின்வாங்கவும் இல்லை. அவள் தாடை மட்டும் இறுகியது.

கை அங்கேயே நின்றது. அது அடிக்கப் பார்க்கிறதா, இறங்கப் பார்க்கிறதா என்று அவனுக்கே தெரியவில்லை.

"யாராச்சும் இந்தக் கையையும் புடிச்சுக்கங்க," என்றான்.

பெரியண்ணனால் முடியாது. அவருடைய இரண்டு கைகளும் அவனுடைய வலது கையில் இருந்தன. அதிகாரி சுவரை விட்டு வரவில்லை.

நாற்காலி தரையில் கிரீச்சிட்டது.

எழுந்து வந்தவர் நல்லமுத்து.