விட்ட பந்து

கடைசிப் பந்து இன்னும் வரவில்லை. அவன் மட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான்.

ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தான்.

ஸ்டம்ப் இல்லை.

முகமூடி மாட்டிய ஒருவன் குந்தியிருந்தான். அவன் தலைக்கு மேல், தன் தொந்தியைத் தானே தாங்கிக்கொண்டு அம்பயர். அவ்வளவுதான்.

ஸ்டம்பே இல்லாத ஆட்டத்தில் ஒரு மனிதன் எதைத்தான் காப்பாற்றுவது?

கிரிக்கெட்டில் அவன் வாழ்நாள் முழுக்கச் செய்த ஒரே காரியம், பந்தை விடுவது. ஆஃப் ஸ்டம்புக்கு ஒரு நூல் வெளியே போனாலும் போதும், மட்டை தோளுக்கு மேல் போய்விடும். பாளையங்கோட்டையில் அவன் ஆட இறங்குகிற நாளில் தென்னங்கன்று நட்டால், அவன் அவுட் ஆவதற்குள் இளநீர் குடித்துவிடலாம். ஒரு அம்பயருக்கு ஆட்டத்தின் நடுவிலேயே பேரன் பிறந்து நடக்கவும் பழகிவிட்டான்.

ஆனால் ஒன்று. அவன் விட்ட பந்து, விட வேண்டிய பந்து. அதில் யாரும் குறை சொன்னது கிடையாது.

விட்டதற்கு எவன் கை தட்டுவான்?

போன மாதம் கிரிக்கெட் கிளப்பில் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, முதுகைத் தட்டி, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்புறம்தான் மைத்துனன் செல்வின் வந்தான். பேஸ்பால் அணியின் கேப்டன். இறுதி ஆட்டம் நெருங்குகிற நேரத்தில் அணியில் ஒருவனுக்கு மஞ்சள் காமாலை.

“சும்மா வந்து நில்லுங்க அத்தான். கிரிக்கெட் ஆடுன கைக்கு இதெல்லாம் பல்லு வெளக்குற மாதிரி.”

பல் விளக்குவது இவ்வளவு கஷ்டம் என்று அவனுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டு அணிக்கும் சமமான ரன். செல்வின் அணிக்கு இது கடைசி முறை. இப்போதே ஒரு ரன் எடுத்தால் கோப்பை. எடுக்காவிட்டால் ஆட்டம் நீளும், நீண்டால் தோல்விதான். செல்வின் அணியில் பந்து எறிகிறவனுக்குத் தோள்பட்டை கழன்று தொங்காத குறை. மாற்றுக்கு ஆள் இல்லை.

ரன்னுக்கு ஓடுகிற வழியில் இருக்கும் மூன்று தளத்திலும் செல்வின் அணி ஆட்கள் நிற்கிறார்கள். மூன்றாம் தளத்தில் செல்வினே.

எதிரே, பந்து எறிகிற நெட்டையன்.

அவன் கையை நீட்டினால் நமக்கே கை குலுக்கிவிடுவான் போலிருந்தது. அவன் எறிகிற பந்து கிளம்பும்போது கடுகு. வந்து சேரும்போது பூசணிக்காய்.

ஐந்து பந்து வந்தாயிற்று. ஐந்தையும் இவன் விட்டான்.

மூன்று வெளியே போனவை. அவை சரி.

மற்ற இரண்டும் நெஞ்சு உயரத்தில் வந்தவை. ஸ்டம்புக்கு ஒரு முழம் மேலே போகிற பந்து. கிரிக்கெட்டில் கண்ணை மூடிக்கொண்டு விடலாம். இங்கே அது ஸ்ட்ரைக்காம். முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே, காலடி வெள்ளைப் பலகைக்கு மேலாக எது போனாலும் ஸ்ட்ரைக்.

இன்னொரு ஸ்ட்ரைக் என்றால் அவன் அவுட், அணியின் முறையும் அதோடு முடிந்தது. இந்த மைதானமும் போனால் அவனுக்கு வேறு மைதானம் இல்லை.

நாலாவதாக ஒன்று வெளியே போனால், அவனுக்கு முதல் தளம் இனாம். எல்லாரும் ஒரு தளம் தள்ளி நகரலாம். மூன்றாம் தளத்தில் நிற்கிறவன் இந்த வெள்ளைப் பலகைக்கு நடந்தே வந்தாலும் அது ஒரு ரன்.

“ஏல, அது மட்டையால, குடையால? தூக்கிப் புடிச்சிக்கிட்டே நிக்கான்!”

கூட்டத்தில் ஒரு குரல். அதற்குப் பிறகு மைதானமே ஒரே குரலாகிவிட்டது. அடி. அடில. அடிச்சுத் தொலைல.

மூன்றாம் தளத்திலிருந்து செல்வின் கும்பிட்டான்.

“அத்தான், இன்னைக்கு ஒரு நாளாவது அடிங்க அத்தான்!”

நெட்டையன் காலைத் தூக்கினான்.

தூக்கிய கால் இறங்குவதற்குள் இவன் மனசுக்குள் மூன்று கம்பு நட்டான். நெஞ்சு உயரக் கம்பு. வெளிக் கம்பு, வெள்ளைப் பலகையின் விளிம்பில்.

பந்து கிளம்பியது.

அவன் பந்தைத் தரையில் பார்த்துப் பழகியவன். குத்துகிற இடம் தெரிந்தால் போகிற இடம் தெரியும். இது குத்தவே இல்லை. காற்றிலேயே வந்தது. தரையைத் தொடாத பந்தை எப்படி நம்புவது?

கடுகு.

எலுமிச்சை.

கைகள் கிளம்பின. அவனைக் கேட்காமல், முதல் தடவையாக, தாமாகவே கிளம்பின. மைதானம் மொத்தமும் அந்த மட்டையைப் பிடித்து இழுத்தது.

அவன் திருப்பி இழுத்தான்.

மட்டை தோளுக்கு மேல் போய் நின்றது.

வெளிக் கம்பை உரசியதா, ஒரு நூல் தள்ளிப் போனதா? பார்த்தான். பார்த்ததை நம்பினான்.

பொத்தென்று கையுறைக்குள் பந்து விழுந்தது.

இந்த அம்பயர் ஸ்ட்ரைக் என்று கத்தினால் பேருந்து நிலையத்தில் தூங்குகிற கண்டக்டர் எழுந்து விசில் ஊதுவார். வெளியே போன பந்துக்கு வாயே திறக்க மாட்டார்.

அவன் காத்திருந்தான்.

கூட்டம் காத்திருந்தது.

திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை.

பந்து கிளம்பியபோதே ஓடத் தொடங்கியிருந்த செல்வின் பாதி வழியில் நின்றுவிட்டான். இவனுடைய தோளுக்கு மேலாக அம்பயரின் முகத்தைப் பார்த்தான்.

குனிந்து முழங்கால் மண்ணைத் தட்டினான்.

பிறகு, காலையில் பால் பாக்கெட் வாங்கப் போகிறவனைப் போல, மெல்ல நடந்து வந்தான்.