ஏழாவது உருண்டை

வைத்தது ஏழு உருண்டை. ரெத்தினம் மறுபடியும் குனிந்து உள்ளறையில் விதைநெல் மூட்டைகளைச் சுற்றி எண்ணினார். ஆறுதான் இருந்தது.

கூடத்தில் கூண்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. காலையில் மரத்தூளை மாற்றிய பிறகு கொக்கியை மாட்டினோமா இல்லையா என்று எவ்வளவு யோசித்தும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

கூண்டிலிருந்து காணாமல் போனது பூந்தி. உள்ளங்கையில் அடங்கிவிடும் எலி. மகள் மதிவதனி 'ஹாம்ஸ்டர்' என்பாள். எலி என்று சொன்னால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். சென்னையில் தனியாக அறை எடுத்து வேலை பார்த்த மூன்று வருஷமும் அவளுக்குப் பேச்சுத்துணை அதுதான். கம்பெனி மூன்று மாதத்துக்கு ஜெர்மனிக்குப் போகச் சொன்னதும், நேரே நன்னிலம் வந்து அப்பா கையில் கொடுத்தாள்.

"உங்கள நம்பித்தாம்ப்பா விட்டுட்டுப் போறேன்."

கூடவே சுவரில் ஒரு காகிதத்தையும் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். கேரட், வெள்ளரி, வெந்த முட்டையின் வெள்ளை, ஓட்ஸ் கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு, எலுமிச்சை, பச்சை உருளைக்கிழங்கு, சாக்லேட் கூடவே கூடாது. கிடைத்ததைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு சாவகாசமாகத் தின்னும், பயப்படாதீர்கள்.

நாற்பது வருஷமாக வயலில் எலியோடு மல்லுக்கட்டிய மனுஷர், அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்து ஓர் எலிக்கு வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எலி மருந்து கூடாது என்று மட்டும் மதி எழுதவில்லை. அதையும் எழுத வேண்டியிருக்கும் என்று அந்தப் பெண் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள்.

அதிலும் இன்றைக்கு அவர் மருந்தை இரண்டு பங்காகக் கலந்திருந்தார். இரண்டு வருஷமாகவே எலிகள் உருண்டையைத் தின்றுவிட்டு, மறுநாளும் தெம்பாக வந்து மூட்டையைக் கடித்தன. ஒன்றுகூடச் செத்தபாடில்லை. எல்லாம் மருந்துக்குப் பழகிவிட்டன என்று சலித்துக்கொண்டுதான் காலையில் டப்பாவைத் தாராளமாகக் கவிழ்த்தார். வயல் எலி தாங்கும். கேரட் தின்று வளர்ந்த பட்டணத்து உயிர் எப்படித் தாங்கும்?

மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்தார். "பூந்தி, பூந்தி" என்று கூப்பிட்டதில் அவருக்கு வெட்கம்கூட வரவில்லை. கடைசி மூட்டைக்குப் பின்னால், சுவர் மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது அது. இரண்டு கன்னமும் புடைத்திருந்தன. வாயைச் சுற்றிக் கறுப்பாகப் பொடி.

"பொன்னுத்தாயி! ஏ பொன்னுத்தாயி!"

கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி பதறி ஓடிவந்தாள்.

"பூந்தி மருந்து உருண்டையைத் தின்னுருச்சு. தண்ணி கொண்டா, சீக்கிரம்!"

செம்பில் தண்ணீர் வந்தது. ரெத்தினம் பூந்தியைத் துண்டில் பொதிந்து எடுத்து, ஈரவிரலால் கன்னத்தை மெல்ல நீவினார். பொத்தென்று ஒரு கட்டி விழுந்தது.

"பாதிதான் வந்திருக்கு. மீதி உள்ள போயிருச்சு."

அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் செல்போன் அடித்தது. ஜெர்மனியில் விடிந்ததும் மதி கூப்பிடுவது வழக்கம். எடுத்ததும் முதல் பேச்சு, "பூந்தியக் காட்டுங்கப்பா" என்பதுதான். அவருக்கு எழுந்து போகத் தைரியம் இல்லை. போன் அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது.

"மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன். வண்டிச் சாவி எங்க?"

பொன்னுத்தாய் நகரவில்லை. தரையில் கிடந்த கறுப்புக் கட்டியைப் பார்த்தபடி முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"உன்னைத்தான் கேக்குறேன். சாவி எங்க?"

"அதுக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

"என்ன பேசுற நீ? ரெண்டு பங்கு மருந்து போட்டிருக்கேன். புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"அது மருந்து இல்லீங்க. உமிக்கரி."

ரெத்தினம் அவளை வெறித்துப் பார்த்தார். எட்டி அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து, ஒரு சிட்டிகைப் பொடியை விரலில் தேய்த்தார். தினமும் பல் விளக்குகிற அதே உமிக்கரிதான். நெல் மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

துண்டுக்குள் பூந்தி முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. பிறகு மறு கன்னத்திலிருந்து ஒரு நெல்லை எடுத்து உரிக்க ஆரம்பித்தது. அதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

"அடிப்பாவி, உசுரே போயிருச்சு எனக்கு! மதி இதக் கொண்டாந்து விட்டன்னைக்கே மருந்த மாத்திட்டியா? உன் முன்யோசனை எனக்கு இல்லாமப் போச்சே."

பொன்னுத்தாய் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த டப்பாவை வாங்கி மூடினாள்.

"பூந்திக்காக மாத்தலீங்க. ரெண்டு வருசத்துக்கு முந்தி, தண்ணி வராம பயிரெல்லாம் கருகிப் போச்சே... நீங்க இந்த ரூமுக் கதவச் சாத்திக்கிட்டு, இந்த டப்பாவையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்களே..."

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அன்னைக்கே மாத்திட்டேங்க."