கோடு விழாத நெற்றி

புருஷன் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடக்கிறான். இவளுக்கு முகத்தை இளமையாக்க ஊசி கேட்கிறது.

அக்காக்காரிக்குப் போன வாரத்திலிருந்தே பற்றிக்கொண்டு வந்தது. மருந்து வாங்கி வருகிறேன் என்று கிளம்பிய தம்பி பெண்டாட்டி, எதிர்வரிசை அழகு சிகிச்சை கிளினிக்கிலிருந்து இறங்கி வந்ததை அவள் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். தலைக்குச் சாயம் பூசாமல் அக்காக்காரியும் வாசல் தாண்டியதில்லைதான். ஆனால் அது வேறு, இது வேறு என்பது அவள் கட்சி.

பொறுக்கமாட்டாமல் அன்றைக்கே கேட்டுவிட்டாள்.

"ஆமா அண்ணி, சுருக்கம் போக ஊசி போட்டுக்கிட்டேன். அவர்கிட்ட சொல்லாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, போர்வையை உதறி மடிக்க ஆரம்பித்தாள் அவள்.

யாருக்குக் காட்ட இந்த மினுக்கு? சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு இதையே கேட்டாள் அக்காக்காரி. பதில் தெரிந்த மாதிரி எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். அப்படியும் அவளுக்கு மனசு அடங்கவில்லை. வராந்தாவில் நடப்பதும் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக ஒரு வாரம் போனது.

இன்று ரிப்போர்ட் வந்துவிட்டது. இரண்டு பேரும் டாக்டர் அறைக்குப் போனார்கள். அவர் சுற்றி வளைக்கவில்லை. மருந்து கேட்கவில்லை, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் நம்மால் முடிந்தது என்றார். உங்கள் புருஷனிடம் நானே சொல்லட்டுமா என்று டாக்டர் கேட்டதற்கு, கொஞ்ச நாள் போகட்டும் என்றாள் தம்பி பெண்டாட்டி.

அக்காக்காரி பக்கத்தில் திரும்பித் தம்பி பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தாள். ஒரு சுளிப்பாவது இருக்க வேண்டுமே. அவள் நெற்றி மழமழவென்று அப்படியே இருந்தது. இவளெல்லாம் ஒரு பெண்டாட்டியா என்று வயிறு எரிந்தது. இன்றைக்குத் தம்பி முன்னாலேயே கேட்டு, இவளை நாறடித்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

கட்டிலில் இருந்த தம்பி ரிப்போர்ட்டைக் கேட்கவே இல்லை. பெண்டாட்டியைக் கிட்டே கூப்பிட்டு, அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தான்.

"நெத்தில கோடு விழல. அப்ப நல்ல சேதிதான்."

"மருந்து கேக்க ஆரம்பிச்சிருக்காம்" என்றாள் அவள்.

"அக்கா, உனக்குத் தெரியாது. போன தடவை ரிப்போர்ட் வந்தப்பவும் இவ வாய் நிறைய இப்படித்தான் சொன்னா. நெத்தி சுருங்கிக் காட்டிக் குடுத்திடுச்சு. அப்புறம் எனக்குத் தண்ணிகூடத் தொண்டையில இறங்கல."

போன் போட்டுப் பேசின ஒவ்வொரு வார்த்தையும் நினைவுக்கு வந்து அக்காக்காரிக்கு அவமானமாக இருந்தது. தன் முகம் காட்டிக் கொடுத்துவிடுமோ என்று பயந்து, ஜன்னல் பக்கம் திரும்பித் திரைச்சீலையை இழுப்பதும் விடுவதுமாக நின்றாள்.

காலையிலிருந்து தொடாத பாலைத் தம்பி மடமடவென்று குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் வேண்டும் என்றான். அவன் பெண்டாட்டி சிரித்த முகமாய், ஓட்டமும் நடையுமாகக் கேன்டீனுக்குப் போனாள்.

கதவு சாத்திய சத்தம் கேட்டதும் அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அக்கா, அந்தக் கிண்ணத்தைச் சீக்கிரம் எடு. குமட்டுது."

குடித்ததெல்லாம் வெளியே வந்தது. அக்காக்காரி பதறிப்போய் முதுகைத் தடவிவிட்டாள். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னான்:

"அவ வர்றதுக்குள்ள இதைக் கொட்டிடு. நெத்தில ஊசி குத்தின தடத்தை நான் அன்னைக்கே பாத்துட்டேன்க்கா. எனக்குத் தெரியும்னு அவகிட்ட மூச்சு விட்டுடாதே."