நட்டுக்கு நட்டு ஒரு பொட்டு

விளக்கு எரிகிறது. பாய்லரில் தண்ணீர் கொதிக்கிறது. முழ நீளத் தகரப் படகின் விசிறி மட்டும் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி அசையாமல் இருக்கிறது.

முந்தாநாள் ஓட்டிப் பார்த்ததிலிருந்து இதே கதைதான்.

எங்கேயோ நீராவி கசிகிறது. வாசல் வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாது. காதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். ரேணிகுண்டா ரயில் ஷெட்டில் பிட்டராக இருக்கும் எனக்குச் சோறு போட்டதே அந்தக் காதுதான்.

அதுதான் இப்போது போய்விட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும். மாநில எல்லை பிரிப்பதில் திருத்தணி மெட்ராசுக்கா, சத்தியவேடு ஆந்திராவுக்கா என்று ஷெட்டே இரண்டு கட்சியாகக் கத்துகிறது. நான் ஒன்றும் காதில் விழாமலே இரண்டு கட்சிக்கும் தலையாட்டி நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். என் மனைவி சுந்தரிக்குக்கூடத் தெரியாது.

இன்று விஜயதசமி. சாயங்காலம் ஷெட் தொட்டியில் நான் செய்த இந்தப் படகு ஓட வேண்டும். ஓடாவிட்டால் ஆளாளுக்குக் குனிந்து காது கொடுப்பார்கள். இத்தனை சத்தமாகக் கசிகிறதே, உனக்குக் கேட்கவில்லையா என்று ஒருத்தன் கேட்டால் போதும்.

விரலை வைத்துத் தேடினேன். இரண்டு விரல் வெந்ததுதான் மிச்சம்.

போதாததற்கு, நேற்று ஆயுத பூஜைக்குச் சுந்தரி இஞ்சினைக் கல்யாணப் பெண்ணாக்கியிருந்தாள். எல்லோரும் ஆயுதத்துக்கு ஒரு பொட்டு வைப்பார்கள். இவள் நட்டுக்கு நட்டு சந்தனம் இட்டு, அதன்மேல் குங்குமம் அப்பியிருந்தாள். நான் கத்தியதும் எதிரே வந்து நின்றாள்.

“ஒண்ணுக்கு மட்டும் வெச்சா மத்ததுங்க கோவிச்சுக்காதா?”

இப்போது துடைத்துவிடலாம் என்று துணியை எடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன். எல்லாப் பொட்டும் சூட்டில் காய்ந்து வெடித்திருந்தது. சிலிண்டருக்குப் போகும் குழாயின் நட்டில் மட்டும் குங்குமம் நனைந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

விளக்கை அணைத்தேன். ஆறியதும் நட்டைக் கழற்றி, கொழுப்பு தடவிய புது நூலைச் சுற்றி இறுக்கினேன். மறுபடி விளக்கை ஏற்றினேன். விசிறி சுற்றிய வேகத்தில் அதன் இதழ்களே தெரியவில்லை. பூஜை வாங்கிக்கொண்ட அம்மனுக்கு மனசார நன்றி சொன்னேன். கண்கூடக் கலங்கிவிட்டது.

“சுந்தரி!” என்றேன்.

அடுப்படி என் முதுகுக்குப் பின்னால்தான். அங்கிருந்தே பதில் சொல்லியிருக்கலாம். அவள் மாவுக் கையோடு சுற்றி வந்து, முகத்தில் வெளிச்சம் விழும்படி என் எதிரே உட்கார்ந்தாள். ரொம்ப நாளாகவே இவள் இப்படி எதிரே வந்துதான் பேசுகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒவ்வொரு சொல்லாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்.

“முந்தாநாள்லேர்ந்து இஸ்ஸுன்னு கத்திக்கினே இருந்துச்சி. இப்ப நின்னுபோச்சிங்க.”

அம்மன் கோவித்துக்கொள்ள மாட்டாள். சொன்ன நன்றியை அப்படியே இவள் பக்கம் திருப்பிவிட்டேன்.