மணிக்கட்டுப் பட்டை

அந்த ஆய்வுக்கூடத்தில், உடம்பின் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் பட்டையை மணிக்கட்டில் கட்டாமல் யாரும் சிப்பைத் தொடமாட்டார்கள். அதில் இரண்டு தங்கத் துகள்களுக்கு நடுவே ஒரேயொரு மூலக்கூறு பாலமாக நிற்கும். வெறுங்கையில் இருக்கும் துளி மின்சாரமே அதைப் பொசுக்கிவிடும். அது தெரிந்துதான் சீனியர் மாணவன் வெறுங்கையோடு வந்து, முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் ஜூனியர் பெண்ணின் சிப்பைத் தொட்டான்.

"ஐயையோ, கை பட்டுருச்சும்மா! பட்டம் எங்க ஓடிடப் போகுது, அடுத்த வருஷம் வாங்கிக்கோ."

அவளிடம் இருந்தது அந்த ஒரு சிப்தான். மதியம் பேராசிரியர் பார்க்க வருகிறார். நுண்ணோக்கியில் பார்த்தாள். துகள்கள் உருகி, நடுவே வெறும் பள்ளம். ஆனால் மீட்டரில் மின்னோட்டம் பழைய அளவிலேயே ஓடியது. சிப்பையும் மீட்டரையும் இணைத்த கம்பியைக் கழற்றினாள். அப்போதும் ஓடியது.

சீனியர் சிரித்தபடி வெளியே போனான். மீட்டரில் எண் பூஜ்யத்துக்கு இறங்கியது. வாசல் தாண்டியவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். எண் ஏறியது. அவன் முகத்திலும் ரத்தம் ஏறியது.

அவள் மீட்டரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பொசுங்கிய மூலக்கூறுக்குப் பதில் இப்போது அவன்தான் பாலம். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்கண்ணா."

"எவ்வளவு நேரம்மா?"

"நான் பட்டம் வாங்குற வரைக்கும்," என்று சொல்லி, மேசையோடு பிணைத்திருந்த பட்டையை அவன் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினாள்.

பழைய அளவிலிருந்து எண் அசையவே இல்லை.