சிட்டு வயிற்றில் ஒரு விசாரணை

“பவுடர் போட்டது யாரு? இப்பவே சொல்லிட்டா எனக்கு வேலை மிச்சம்.”

நர்ஸம்மா குரலை உயர்த்தவே இல்லை. ஆனாலும் கட்டிலைச் சுற்றி நின்ற மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்தார்கள். கட்டிலில் சட்டையை மார்புவரை தூக்கிவிட்டுக்கொண்டு, இதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோலப் படுத்திருந்தாள் சிட்டு.

சிட்டு குறைமாதத்தில் பிறந்தவள். பிறந்த நாளிலிருந்து மூக்கிலும் தொண்டையிலும் குழாயோடு கிடந்ததாலோ என்னவோ, ஸ்பூனைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொள்வாள். “விழுங்கறதுல ஒரு குறையும் இல்ல, மனசு வந்தா சாப்பிடுவா” என்றார் டாக்டர். மனசு வருகிற வழியாகத் தெரியவில்லை. வயிற்றில் சின்னதாகத் துளை போட்டுக் குழாய் வைத்து, அதன் வழியாகத்தான் பால். மூன்று வயது முடிந்தும் அதே கதைதான்.

இப்போது அந்தத் துளையைச் சுற்றித் தோல் செக்கச்செவேல் என்று சிவந்து, கசிந்துகொண்டிருந்தது. வழக்கமாக வந்து பார்த்துவிட்டுப் போகும் நர்ஸம்மாவை அம்மா இன்று அவசரமாக வரச் சொல்லியிருந்தாள்.

“நான்தான் போட்டேன்” என்றார் அப்பா. “ஈரமாவே இருந்துது. பவுடர் போட்டா காஞ்சுடும்னு…”

“ஈரத்துல பவுடர் போட்டா மாவாப் பிசைஞ்சு ஒட்டிக்கும் சார். சரி, எண்ணெய் வாசனையும் வருதே?”

அப்பாவின் அக்கா, சிட்டுவுக்கு அத்தை, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “ஒரு சொட்டுதான். பிள்ளைக்கு எரியுமேன்னு தடவினேன்.”

“நான் வாசலைத் தாண்டினதும் இந்த வீட்ல எல்லாரும் டாக்டர் ஆயிடுறீங்க.”

அம்மாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. நான் சொன்னால் கேட்டால்தானே என்று புருஷனை ஒரு பார்வை, நாத்தனாரை ஒரு பார்வை பார்த்தாள். மூன்றாவது பார்வைக்கு நேரம் கிடைக்கவில்லை.

“நீங்க என்னம்மா பண்ணினீங்க?”

“நானா? நான் சுத்தமா வெச்சுக்கறேன் சிஸ்டர். புண்ணைக் கழுவற மருந்து இருக்கே, அதை ஊத்தி, பால் குடுத்த ஒவ்வொரு தடவையும்…”

“தேய்ச்சா?”

“நல்லாத் தேய்ச்சு.”

“அது பாத்திரம் இல்லம்மா. தோல்.”

அப்பாவுக்கும் அத்தைக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

நர்ஸம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, லேசான சோப்பு தொட்டு, பூவைத் தொடுவதுபோலத் துடைத்தார். சோப்புப் போக இன்னொரு தடவை. பிறகு தேய்க்காமல் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பை மெல்லிசாகப் பூசி, குழாய் ஆடி ஆடித் தோலை இழுக்காதபடி ஒட்டினார்.

“இவ்வளவுதான். காய்ச்சல் வந்தாலோ, சீழ் வெச்சாலோ உடனே கூப்பிடுங்க. மத்தபடி உங்க வைத்தியம் எதுவும் வேண்டாம்.”

ஆனால் அவர் முகம் தெளியவில்லை.

“தோல் இப்படி ஆனதுல உங்க மூணு பேருக்கும் பங்கு இருக்கு. கசியறது வேற விஷயம். வயிறு கொள்ளலைன்னாலும் குழாய் ஓரமா வெளியே வரும். பால் அளவைக் கூட்டினது யாரு?”

“அண்ணி, பிள்ளை இளைச்சுட்டான்னு நீங்கதானே சொல்லிக்கிட்டே இருந்தீங்க?” என்றாள் அம்மா.

“சொன்னா ஊத்திடுவேனா? என் தம்பியைக் கேளு.”

“அக்கா, என்னை எதுக்கு இழுக்கற?”

பேச்சு தடித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அம்மா திடீரென்று அடங்கிப்போனாள். இடுப்பில் செருகியிருந்த சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். குழாயைச் சுற்றி வைக்கும் வெள்ளைத் துணி. அதில் கரும்பழுப்பாக ஒரு கறை.

“காலைல பார்த்தேன் சிஸ்டர். இவங்ககிட்டகூடச் சொல்லலை. பழைய ரத்தம் இப்படித்தான் இருக்கும்பாங்க. உள்ளே ஏதாவது புண்ணு கிண்ணு…” துணியை நர்ஸம்மாவிடம் நீட்டினாள்.

அப்பா அவள் தோளில் கை வைத்தார்.

நர்ஸம்மா குழாயில் ஊசியில்லாத சிரிஞ்சைப் பொருத்தி மெதுவாக இழுத்தார். பழுப்பாகக் கொஞ்சம் ஏறியது. ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார். மோந்தார். சந்தேகத்தோடு இன்னொரு தடவை மோந்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“இந்த வீட்ல சாக்லேட் சாப்பிடறது யாரு?”

அப்பாவுக்கு முகம் வெளிறியது. “எனக்கு சுகர். இவ ஒரு துண்டு கூடத் திங்க விடமாட்டா. அதான் சிட்டு மெத்தைக்கு அடியில… அங்கே யாரும் தேடமாட்டாங்கன்னு. ஆனா குறைஞ்சுக்கிட்டே வந்துது. அக்காதான் எடுக்கறாங்கன்னு நினைச்சேன். நானே திருடன், யாரைப் போய்க் கேக்கறது? சத்தியமா நான் குழாய்ல எதுவும் போடலை சிஸ்டர்.”

“கட்டிச் சாக்லேட் குழாயில போகாது சார்” என்றார் நர்ஸம்மா. அவர் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. “வயித்துக்குப் போக இன்னொரு வழிதான் இருக்கு.”

நான்கு பேரும் ஒன்றாகக் கட்டில் பக்கம் திரும்பினார்கள். சிட்டு வாயைத் திறந்தாள். பல்லெல்லாம் பழுப்பு.

“தீந்துபோச்சு” என்றாள்.

அம்மா புருஷனை முறைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முறைத்தாள்.

“இன்னும் என்ன நிக்கறீங்க? ஓடுங்க, கடைக்கு.”